அனிமோனிக்கு மேலுக்கு முடியல

அந்த பெல்லு ரிப்பேரு தம்பி, எவ்வளவு அமுக்குனாலும் உள்ள கேக்காது. கேக்குறதுக்கு ஆளும் இல்ல, அண்ணாச்சி வெளிய போயிருக்காக. பதறாத, ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்காக. நீ அஷ்வத்துதான? மூக்கப் பாத்தாலே தெரியுதே. என்னத் தெரியலையா? எதிர் வீட்டு பூங்கோதை. உங்கம்மா காரியத்துக்கு நீ வந்திருந்தப்ப வந்தவுகளுக்கெல்லாம் காப்பி போட்டுக் குடுத்தேனே. லேக் மார்க்கெட்டுல அப்பளம், காப்பித்தூளு விக்கிற சுப்பையா இருக்காகள்ல, அவுக வீட்டுக்காரி. வா, உள்ள வா. பெட்டிய அங்கன வையி.

போன எடுக்க மாட்டேங்கிறாகளா? எடுக்க மாட்டாக. இன்னைக்கு எடுக்க மாட்டாக. சொல்றேன், மொதல்ல இந்தக் காப்பியக் குடி.

போன ஞாயித்துக்கிழமை உங்கிட்ட என்னதான் சொன்னாக? அனிமோனி ரொம்ப சீரியஸு, இந்த வாரம் போன் பண்ணாதன்னா? அடப்பாவமே. அவ்வளவு தூரம் போவாகன்னு நானே நினைக்கல. நீ பயந்ததுல தப்பே இல்ல. கல்கத்தா போர்ட்ல, கப்பல் வர்ற எடத்துல, பெரிய வேலை பாத்து ரிட்டயரான மனுசன், கண்ணாடித் தொட்டிக்குள்ள கெடக்குற ஒரு ஜந்துக்கு சீரியஸுன்னு சொல்லி பெத்த பிள்ளைகிட்ட பேச மாட்டேன்னா, மண்டைக்கு ஏதோ ஆயிருச்சுன்னுதான் யாருக்கும் தோணும். அதான் விடியக்காலையில பெங்களூர்ல ப்ளைட்டப் பிடிச்சுட்ட. கையோட கூட்டிட்டுப் போயிரலாம்னு நினைச்சியாக்கும். ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுட்டியா? சரி, சரி. அதப் பத்தி அப்புறம் பேசுவோம்.

மண்டை நல்லாத்தான் இருக்கு தம்பி. முன்னாடியவிட நல்லா இருக்கு.

உண்மையச் சொன்னா, எல்லாத்துக்கும் பிள்ளையார் சுழி போட்டது நீதான். உங்கம்மா போனப்புறம் அண்ணாச்சி எப்படி இருந்தாகன்னு நீ பாக்கல, நான் பாத்தேன். காலையில பேப்பர எடுப்பாக, சாயங்காலம் வரைக்கும் அதே பக்கம் மடியில கெடக்கும். பேச்சுத் துணைக்கு ஏதாவது வேணும்னு நீயும் அங்க இருந்துக்கிட்டே கடைக்காரன்கிட்ட போன்ல பேசி, உப்புத் தண்ணித் தொட்டி ஒண்ண வாங்கி அனுப்புன. ஆரஞ்சுக் கலர்ல வெள்ளை வரி போட்ட மீனு ரெண்டு, கூட இந்த அனிமோனி. கடைக்காரன் வந்து மாட்டிட்டுப் போனப்ப நாங்களும் போய்ப் பாத்தோம். பூவுன்னு நினைச்சேன். பூ இல்ல மாமி, உசிருள்ள ஜந்து, விரல் மாதிரி நீட்டிட்டு இருக்கிறதெல்லாம் கையி, மீனு அதுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும்னு அவன் வெளக்குனான். எங்க வீட்டுக்காரக வாயில அனிமோனின்னு வராது, அனிமான்னுதான் வரும். அண்ணாச்சி, உங்க அனிமா எப்படி இருக்குன்னு மாடிப்படியில நின்னு சத்தமாக் கேப்பாக. கீழ் வீட்டு பெங்காலி மாஷிமாவுக்கு அந்த வார்த்தை மட்டும் எனிமான்னு புரிஞ்சுபோயி, பாவம், உங்கப்பாவுக்கு வயித்துக் கோளாறுன்னு ஓம வாட்டர் குடுத்துவிட்டாக.

கொஞ்ச நாளு நல்லாத்தான் போச்சு. வெயில் காலம் வந்துச்சு, அதுக்கு மேலுக்கு முடியாமப் போச்சு. தட்டு அகலத்துக்கு விரிஞ்சு கெடந்தது எலுமிச்சம்பழம் மாதிரி சுருங்கிருச்சு. நெறம் வெளுத்துப் போச்சு. வாயத் தொறந்தா மூட மாட்டேங்குது. அந்த மீனு ரெண்டும் அதுக்குள்ள போகாம, வீட்டுக்கு வெளிய நிக்கிற குடித்தனக்காரங்க மாதிரி ஓரமா நின்னுச்சு. அண்ணாச்சி அன்னைக்குத்தான் பேப்பர மடிச்சு வச்சாக. ஆத்துல எவ்வளவு மண்ணு சேந்துருக்கு, கப்பலு எப்படி வரலாம்னு ஆயுசு பூரா தண்ணிய அளந்தவுக. ஒரு தொட்டித் தண்ணி நமக்குக் கட்டுப்படாதான்னு ஒரு ரோசம்.

கடைக்காரன்கிட்டக் கேட்டா, எறா குடுங்க சார், சின்னச் சின்னதா நறுக்கி ஊட்டுங்கன்னுட்டான். அங்கதான் வந்துச்சு வெனை. உங்க வீடுதான் சுத்த சைவமாச்சே. முப்பது வருசமா கல்கத்தாவுல இருந்தும் மீன் சந்தைப் பக்கம் போனா மூச்சப் பிடிச்சுக்கிட்டு அடுத்த தெரு வழியாப் போற மனுசன். அதனால நான் வாங்கும்போது ஒண்ணு ரெண்டு எறா எடுத்து வச்சுக் குடுப்பேன். அவுக அத நாலு கவர்ல சுத்தி, தீபாவளி வெடி மாதிரி தூரக்கப் பிடிச்சுக்கிட்டுப் போவாக.

எத்தன நாளைக்குத்தான் இப்படி? ஒரு நாளு, எனக்கு முட்டு வலி அண்ணாச்சி, நீங்களே போயிட்டு வாங்கன்னுட்டேன். முட்டுல ஒண்ணுமில்ல. வீட்டுக்குள்ளயே கெடக்காம நாலு மனுசனப் பாக்கட்டுமேன்னுதான்.

போனாக. டாக்குரியா பஜார்ல, மூக்குல கர்ச்சீப்பக் கட்டிக்கிட்டு, மீன்காரன் முன்னாடி நின்னு, ஒரே ஒரு எறா குடு, அத மொளகு சைஸுக்கு நறுக்கிக் குடுன்னு கேட்டிருக்காக. காலையில ஆபீசுக்குப் போற கூட்டம் பின்னாடி நிக்குது. யாருக்கு தாதா இதுன்னு அவன் கேட்டிருக்கான். இவுக, வீட்ல ஒரு ஆளு அசுஸ்தோன்னுருக்காக. சொகமில்லன்னு ஒரு பெங்காலிகிட்ட நீ சொல்லிப்பாரு, உனக்குத் தெரியாததா, நீ இங்கயே வளந்த பிள்ளை. மொத்த வரிசையும் வைத்தியம் சொல்ல ஆரம்பிச்சிருச்சு. சொகமில்லாத ஆளுக்கு எறா குடுக்கலாமா, சிங்கி மீனு வாங்கி ரசம் மாதிரி வச்சுக் குடுங்கன்னு ஒருத்தன். பச்ச வாழக்காயச் சேருங்கன்னு இன்னொருத்தி. பல்லு இருக்கான்னு கேட்டிருக்காக. பல்லு கெடையாதுன்னுருக்காக இவுக. வயசு என்னன்னா தெரியாதுன்னுருக்காக. கடைசியில, மரியாதையா எல்லாத்தையும் வெளக்கிருவோம்னு நெனச்சு, அதுக்கு வாயும் ஒண்ணுதான், வெளிய போற வழியும் அதேதான்னு சுத்தமான வங்காளத்துல சொல்லிட்டாக.

வரிசையே கப்சிப்.

அந்தச் சத்தமில்லாத நேரத்துல பின்னாடி ஒரே ஒரு பொம்பளை மட்டும் சிரிச்சிருக்கு. வயித்தப் பிடிச்சுக்கிட்டு, பையக் கீழ வச்சுட்டுச் சிரிச்சிருக்கு. சிரிச்சு முடிச்சு, கடல் அனிமோனியா தாதான்னு கேட்டுருக்கு.

அதுதான் தாரா. பாலிகஞ்ச் பக்கம் பொண்ணுங்க ஸ்கூல்ல லைஃப் சயின்ஸ் டீச்சரா இருந்து ரிட்டயரானது. கல்யாணமே பண்ணிக்கல. ரயிலு கேட்டுக்கு அந்தாண்ட, தம்பி குடும்பத்தோட, மாடி ரூம்புல இருக்கு. எங்க வீட்டுக்காரகதான் எப்படிக் கூப்பிடுறதுன்னு ரொம்ப யோசிச்சாக. இங்க அண்ணன தாதாங்கிற மாதிரி அக்காவ திதிங்கணும், நம்மூர்ல திதின்னா வேற இல்லையா. வீட்டுக்கு வந்த பொம்பளைய வாங்க திதின்னு எப்படிச் சொல்றதுன்னு, டீச்சரம்மான்னு வச்சுக்கிட்டாக. நான் தாராக்காம்பேன்.

அன்னைக்கே வந்துருச்சு பாக்குறதுக்கு. நான் சும்மா இருப்பேனா, அப்பளம் குடுக்குற சாக்குல பின்னாடியே போயிட்டேன். தொட்டியச் சுத்திச் சுத்திப் பாத்துச்சு. தண்ணியத் தொட்டு நாக்குல வச்சுப் பாத்துச்சு. தண்ணி வத்துனா என்ன ஊத்துவீகன்னு கேட்டுச்சு. உப்பு கரைச்ச தண்ணிதான், கடல் தொட்டியாச்சேன்னாக அண்ணாச்சி, பெருமையா. தாராக்கா அப்படியே நிமிந்து பாத்து, தாதா, தண்ணிதான ஆவியாப் போகுது, உப்பு எங்க போகும், நீங்க ஒவ்வொரு நாளும் உப்பு மேல உப்பப் போட்டு இத ஆச்சார் போட்டுக்கிட்டு இருக்கீகன்னுச்சு. ஆச்சார்னா ஊறுகா, உனக்குத் தெரியும். அண்ணாச்சி மூஞ்சியப் பாக்கணுமே. ஆத்தையே அளந்தவுகளுக்கு அந்தச் சின்ன விசயம் தோணல பாரேன். அப்புறம் மெதுவா, நீங்க நாளைக்கும் வந்து பாக்க முடியுமான்னு கேட்டாக.

வந்துச்சு. மறுநாளும் வந்துச்சு. தண்ணிய ஒரேயடியா மாத்துனா செத்துரும்னு சொல்லி, தெனமும் ஒரு சொம்பு எடுத்துட்டு ஒரு சொம்பு நல்ல தண்ணி ஊத்துனாக ரெண்டு பேரும். மேல ஒரு சின்ன ஃபேன மாட்டி தண்ணிய ஆத்துனாக. இன்னொன்னு தெரியுமா, அது நடக்கும். நெசமாத்தான், அடிப்பக்கத்த இழுத்து இழுத்து, நத்தை மாதிரி. பம்ப்பு வாயில போய் மாட்டிக்கிட்டா கூழாயிரும்னு, அந்த பம்ப்புக்கு ஒரு பஞ்சு சட்டை தச்சு மாட்டுச்சு தாராக்கா. எறாவ நறுக்க அண்ணாச்சியே கத்துக்கிட்டாக. நீ நம்ப மாட்ட, ஓடு உரிச்சு, குடலு எடுத்து, என்னவிட சுத்தமா நறுக்குவாக இப்ப. வாயில வைக்க மாட்டாக, அது வேற.

நான் வேற சிலதும் கவனிச்சேன். தெனமும் சவரம். புதுசா ரெண்டு கப்பு சாஸரு. அலமாரிக்குள்ள கெடந்த கட்டம் போட்ட சட்டையெல்லாம் வெளிய வந்து இஸ்திரிக்குப் போச்சு. அனிமோனிக்கு நல்ல தண்ணி, அண்ணாச்சிக்கு நல்ல சட்டையான்னு எங்க வீட்டுக்காரககிட்ட சொன்னேன். சும்மா கெடடின்னாக. அவுகளும் சிரிச்சாக.

அப்புறம் ஒரு நாளு காலையில அண்ணாச்சி எங்க கதவத் தட்டுறாக. மூஞ்சியில ரத்தமே இல்ல. போச்சும்மா, ரெண்டாக் கிழிஞ்சு கெடக்கு, நான் கொன்னுட்டேன்னாக. போய்ப் பாத்தா, நெசந்தான். தொட்டியில இந்த ஓரத்துல பாதி, அந்த ஓரத்துல பாதி. நாங்கதான் தாராக்காவுக்குப் போனப் போட்டோம். அது வர்றதுக்குள்ள அண்ணாச்சி தொட்டி முன்னாடி நாற்காலியப் போட்டு உக்காந்து அழ ஆரம்பிச்சுட்டாக. உங்கம்மா போன அன்னைக்கு ஒரு சொட்டு கண்ணீரு விடல, உனக்கே தெரியும். வந்தவுகளுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டுக்கிட்டு நின்னாக. அதெல்லாம் சேத்து அன்னைக்கு வந்துச்சு தம்பி. அனிமோனிக்கு மட்டும் அப்படி யாரும் அழ மாட்டாக. எங்க வீட்டுக்காரக தோளப் பிடிச்சுக்கிட்டு, விடுங்க அண்ணாச்சி, வேற அனிமா வாங்கிக்கலாம்னாக. எனக்குச் சிரிக்கவா அழவான்னு ஆயிப்போச்சு.

தாராக்கா தலையில தண்ணி சொட்டச் சொட்ட ரிக்‌ஷாவுல வந்து எறங்குச்சு. குனிஞ்சு ரெண்டு பக்கமும் பாத்துச்சு. பாத்துட்டு, சாகல, பெருகிருக்கு, இதுங்க இப்படித்தான், ஒண்ணு நடுவுல பிரிஞ்சு ரெண்டாயிரும், இனிமே ரெண்டும் தனித்தனியா வளரும்னுச்சு. இதுல எது பழசுன்னு கேட்டாக அண்ணாச்சி, கண்ணத் தொடச்சுக்கிட்டே. ரெண்டும்தான்னுச்சு. சொல்லிட்டு அவுக கையப் பிடிச்சு, அப்படியே வச்சுக்கிட்டு நின்னுச்சு. நான் அடுப்புல பால் வச்சுட்டு வந்தது அப்பத்தான் ஞாபகம் வந்துச்சுன்னு எங்க வீட்டுக்காரகளையும் இழுத்துக்கிட்டு வந்துட்டேன். அடுப்புல ஒண்ணும் இல்ல.

அது எப்பவா? போன துர்கா பூஜைக்கு முன்னாடி.

ஆமா. அப்பவே அதுக்கு நல்லாயிருச்சு. நீ வாரா வாரம் கேட்டுக்கிட்டு இருந்தப்பல்லாம் அது நல்லாத்தான் இருந்துச்சு. கோவப்படாத. நீ பெங்களூர்ல இருந்து அனுப்புன மருந்து பாட்டில் எல்லாம் எங்க ஃப்ரிட்ஜுலதான் இருக்கு, சீலு ஒடைக்கல, போறப்ப எடுத்துக்கோ.

ஏன் பொய் சொன்னாகன்னா... மொதல்ல பொய் சொன்னது தாராக்கா. நல்லாயிட்ட ஜந்துவப் பாக்க தெனமும் எதுக்குப் போறன்னு அதோட தம்பி பொண்டாட்டி கேட்டுருக்கு. இன்னும் சரியாகலன்னுருச்சு. அதே வாரம் நீ, அனிமோனிதான் இந்நேரம் தேறியிருக்குமே, வீட்டக் குடுத்துட்டு இங்க வந்துருங்கன்னு கேட்டிருக்க. அண்ணாச்சியும், இன்னும் சரியாகலப்பான்னுட்டாக. ரெண்டு பேரும் பேசி வச்சு சொல்லல. மறுநாளு ஒருத்தருக்கொருத்தரு சொல்லிக்கிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக மாதிரி முழிச்சாக. அதுக்கப்புறம் என்ன, ஒரு வாரம் வாய் மூடலம்பாக, ஒரு வாரம் நெறம் போச்சும்பாக. ஒரு தடவ சொல்றதுக்கு ஒண்ணும் இல்லன்னு என்கிட்ட வந்து நின்னாக. பசி இல்லன்னு சொல்லுங்க அண்ணாச்சி, எல்லா நோவுக்கும் பொருந்தும்னு நான்தான் எடுத்துக் குடுத்தேன்.

உங்கிட்டச் சொல்ல முயற்சி பண்ணாம இல்ல தம்பி. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எங்க வீட்டு சோபாவுல, நீ உக்காந்திருக்கிற எடத்துலதான் உக்காந்து ஒத்திகை பாப்பாக. அஷ்வத்து, உங்கிட்ட ஒரு விசயம் சொல்லணும்னு ஆரம்பிப்பாக, நல்லா வரும். நீ போன்ல அப்பான்னு கூப்பிட்டதும், அனிமோனிக்கு இன்னைக்கு என்னன்னா... ன்னு போயிரும். எங்க வீட்டுக்காரக தலையில அடிச்சுக்குவாக. உன்கிட்ட பயமான்னு கேட்டேன் ஒரு நாளு. பயமில்லம்மா, அவன் அம்மாவ நெனைச்சு வருத்தப்பட்டான்னா நான் என்ன பதில் சொல்வேன்னாக.

வா, எந்திரி. உங்க வீட்டுச் சாவி எங்கிட்டத்தான் இருக்கு. நீயே பாத்துரு.

பாத்தியா. ரெண்டும் எப்படி விரிஞ்சு கெடக்கு. இந்த மீனு அதுக்குள்ள, அந்த மீனு இதுக்குள்ள, ஆளுக்கொரு வீடு. கைய விடாத, லேசா அரிக்கும். எங்க பாக்குற? ஆமா, உங்கம்மா படம் அதே எடத்துலதான் இருக்கு. அந்தப் பூமால நேத்து தாராக்கா வாங்கிட்டு வந்தது. படத்துக்கு முன்னாடி கொஞ்ச நேரம் நின்னு என்னமோ பேசுச்சு, வங்காளத்துல, மெதுவா. என்ன சொல்லுச்சுன்னு கேட்டேன். அவுக வீட்டுக்கு வர்றேன், அவுககிட்டச் சொல்லிட்டுத்தான வரணும்னுச்சு.

கண்ணத் தொடைச்சுக்கோ. நானும் தொடச்சுக்கிறேன், இரு.

நீயும் வந்ததுல இருந்து என் சேலையத்தான் பாக்குற, கேக்கத்தான் மாட்டேங்குற. காலங்காத்தால பட்டுச் சேலைய உடுத்திக்கிட்டு எவளாவது காப்பி போடுவாளா? கதவப் பூட்டிக்கிட்டு கெளம்புற நேரத்துலதான் நீ பெல்ல அமுக்கிக்கிட்டு நின்ன. அண்ணாச்சியும் தாராக்காவும் கடியாஹாட்ல ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல உக்காந்திருக்காக. ஆமா, அதுக்குத்தான். நோட்டீஸ் குடுத்து நாளும் குறிச்சாச்சு. சாயங்காலம் உனக்குப் போன் பண்ணிச் சொல்லிருவேன்னு உங்கப்பா எங்க வீட்டுக்காரக தலையில அடிச்சு சத்தியம் பண்ணிட்டுப் போனாக. தாராக்கா மீனு திங்குமேங்கிற கவலையெல்லாம் உனக்கு வேண்டாம், மீனு என் அடுப்புலதான் வேகும், அதெல்லாம் பேசி முடிச்சாச்சு.

இப்ப என்னன்னா தம்பி, அங்க சாட்சிக்கு மூணு பேரு வேணும். எங்க வீட்டுக்காரக ஒண்ணு. தாராக்காவோட தம்பி ஒண்ணு. மூணாவது நானு. இந்தா, போன் அடிச்சுக்கிட்டே இருக்கு பாரு, எங்கடி தொலைஞ்சன்னு கேக்கத்தான். நான் போய்க் கையெழுத்துப் போட்டாலும் போடலாம். ஆனா உன் பையில ஆதார் கார்டு இருக்கும்ல? ப்ளைட்டுல வந்தவன்தான, இருக்கத்தான் செய்யும்.

கட்டாயம் இல்லப்பா. வர மனசில்லன்னா இங்கயே இரு, தோசை மாவு இருக்கு, வந்து சுட்டுத் தர்றேன். உங்கப்பாகிட்ட நீ வந்ததையே மெதுவாத்தான் சொல்வேன்.

என்ன? சத்தமாச் சொல்லு, இந்த பம்ப்பு எரைச்சல்ல கேக்கல.

சட்டைய மாத்தணுமாவா? பின்ன, ராத்திரியெல்லாம் தூங்காம கசங்குனதோடயா வருவ. வெள்ளை இருந்தா வெள்ளையப் போடு. பெட்டிய எடுத்துட்டு வந்து இந்த ரூம்புலயே மாத்திக்கோ, நான் கீழ போய் டாக்ஸிய நிறுத்துறேன்.